பட்டாம்பூச்சிக்குப் பந்தல் போட்டவர்

என் அக்கா புருஷன் கஜபதியிடம், வீட்டுக்கு விருந்தாளி வரப்போகிறார் என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் மனிதர் கையில் நிற்க மாட்டார். திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டை போகிற சாலையில், ஊரைத் தாண்டி அவருக்கு மூன்று ஏக்கர் நிலம். நிலத்திலேயே வீடு, ஒரு கிணறு, ஒரு மோட்டார் கொட்டகை. வேர்க்கடலையும் நெல்லும் மாறி மாறிப் போடுவார். விவசாயத்தில் கெட்டிக்காரர் என்று எதிரிகூட ஒப்புக்கொள்வான். ஆனால் அவருடைய உண்மையான தொழில் அது இல்லை. வரவேற்பதுதான் அவர் தொழில்.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிறவர்களுக்குத் தண்ணீர்ப் பந்தலா, பள்ளிக்கூட ஆண்டு விழாவா, யாராவது பெரிய மனிதர் அந்தப் பக்கம் காரில் போகிறாரா, கூப்பிடு கஜபதியை. சாலையின் இரண்டு ஓரமும் பிளீச்சிங் பவுடரில் அவர் போடுகிற கோடு ஸ்கேல் வைத்து இழுத்தது போல இருக்கும். வாழை மரம், சீரியல் செட், குழாய் ஸ்பீக்கர், மாலை, சால்வை, கடைசியில் ஒரு கலர் சோடா. இந்த வரிசை மாறாது. ஒரு தடவை கரண்ட் மீட்டர் பார்க்கப் புதிதாக வந்த ஆளுக்கும் சால்வை போட்டுவிட்டார். அந்த மனிதர் எதற்கென்று புரியாமல் மிரண்டுபோய், மீட்டரையே பார்க்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

நான் ஹேமநாதன், பத்திர எழுத்தர். திருத்தணியில் ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிரே ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். அக்கா புருஷன் என்பதால் எனக்கு அவர் பாவா. என் தொழிலில் வடக்கே இன்னார் நிலம், தெற்கே வாய்க்கால் என்று எழுதினால் அங்கே வாய்க்கால் இருந்தாக வேண்டும். இல்லாததை எழுதச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். அதனால்தான் பாவாவின் கதையில் நான் மாட்டிக்கொண்டேன்.

பாவாவுக்கு ஒரே மகள், ஷோபனா. அவள் புருஷன் பிரகாஷுக்குப் பிரான்ஸில் வேலை. போன ஜூன் மாதம் அப்பாவையும் அம்மாவையும் அங்கே அழைத்துப் போனாள். போனவர்கள் கோபுரம் பார்த்தோம், கப்பலில் போனோம் என்று வந்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. அவள் நான்கு நாள் லீவு போட்டு, பிரான்ஸின் தெற்குக் கோடியில், மலையடிவாரத்தில் ஒரு கிராமத்து வீட்டுக்கு அவர்களைக் கூட்டிப்போயிருக்கிறாள். அங்கே டிவி கிடையாது, கடை கிடையாது, கோயில் கிடையாது. காலையில் எழுந்து பட்டாம்பூச்சி பார்க்க வேண்டும். அதற்குத்தான் ஊர் ஊராக ஆட்கள் வந்து தங்குகிறார்களாம்.

அந்த வீட்டுக்காரம்மா பெயர் மர்த்தீன். வயது எழுபது இருக்கும். ஒண்டியாகத்தான் இருக்கிறார். தலையில் துணித் தொப்பி, கையில் ஒரு நோட்டு. வந்தவர்கள் எல்லாரும் அவர் பின்னால் பூனை மாதிரி நடக்க வேண்டும். ஒரு பூச்சி உட்கார்ந்தால் எட்டுப் பேரும் அப்படியே குனிவார்கள். அந்தம்மா காதோடு காதாக அதன் பெயரைச் சொல்வார். எட்டுப் பேரும் எழுதிக்கொள்வார்கள். ஒரு மணி நேரத்தில் இரண்டு பாத்தி தூரம் நகர்ந்தால் அதிகம்.

“இத்தப் பாக்கறதுக்கா பிளேன் ஏறி வந்தோம்? நம்ம களத்துமேட்டுல சும்மாவே பறக்குதேம்மா!” என்று முதல் நாள் பாவா மகளிடம் முறைத்தாராம். இரண்டாம் நாள் ஒரு தொப்பியை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு வரிசையில் முதல் ஆளாக நின்றார். அவருக்கு எதையும் பாதியாகச் செய்யத் தெரியாது. அன்றைக்கு மட்டும் இருபத்து மூன்று வகை பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் விடிகாலையில்தான் வினை. அந்த வீட்டுக்குப் பின்னால் கால் ஏக்கர் அளவுக்கு முழங்கால் உயரம் புல்லும் களையுமாக மண்டிக் கிடந்ததைப் பாவா வந்த நாளிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். விவசாயியின் கண்ணுக்கு அது புண் மாதிரி. பாவம், ஆம்பிளை இல்லாத வீடு, ஆள் கூலிக்குக் கிடைக்கவில்லை போலிருக்கிறது, நமக்கு இவ்வளவு மரியாதையாகச் சோறு போடுகிற அம்மாவுக்கு நம்மால் ஆனது என்று நினைத்தார். கொட்டகையில் நீளக் காம்பு போட்ட ஒரு அரிவாள் இருந்தது. மற்றவர்கள் எழுந்து வருவதற்குள் கால் ஏக்கரையும் மொட்டை அடித்து, புல்லைக் கட்டுக்கட்டாகக் கட்டி அடுக்கிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாராட்டுக்காக நின்றார்.

மர்த்தீன் வெளியே வந்து பார்த்தார். கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு பாவாவின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போய், காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அந்தம்மாவுக்கு ஆனந்தத்தில் பேச்சு வரவில்லை என்றுதான் பாவா மத்தியானம் வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் ஷோபனா உடைத்துச் சொன்னாள். அந்தக் கால் ஏக்கரை அந்தம்மா பதினோரு வருடமாக வேண்டுமென்றே வெட்டாமல் விட்டிருக்கிறார். விரல் நகம் அளவு ஒரு நீலப் பட்டாம்பூச்சி, அந்தப் புல்லில் பூக்கிற ஒரு பூவில் மட்டும்தான் முட்டை வைக்குமாம். ஜூன் மாதம் அதன் புழுக்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. பாவா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை, ராத்திரியும் சாப்பிடவில்லை. சோறு வேண்டாம் என்று அவர் வாயிலிருந்து கேட்டது முப்பத்தைந்து வருடத்தில் அதுதான் முதல் தடவை என்று பிரேமா அக்கா என்னிடம் சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கிளம்புகிற அன்று பாவா அந்தம்மாவுக்கு முன்னால் கையெடுத்துக் கும்பிட்டார். “அம்மா, எங்க ஊருக்கு ஒரு நாள் வாங்க. என் நெலத்துல முப்பது வகை காட்டறேன். காட்டலேன்னா என் பேரு கஜபதி இல்ல. ஷோபனா, நான் சொன்னது ஒரு வார்த்தை உடாம சொல்லு.” இருபத்து மூன்றைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர, அந்த முப்பதுக்கு வேறு கணக்கு எதுவும் கிடையாது. ஷோபனா சொன்னாள். அந்தம்மா சிரித்துவிட்டு, நோட்டைப் புரட்டி, டிசம்பர் என்று குறித்துக்கொண்டார்.

ஊருக்கு வந்த மறுநாளே பாவா வீட்டுக்குப் பக்கத்தில் அரை ஏக்கரை உழாமல் விட்டுவிட்டார். விட்டால் மட்டும் போதுமா? எருக்கு, தும்பை, உண்ணிச்செடி, ஆமணக்கு என்று மற்றவர்கள் பிடுங்கி எறிகிறதையெல்லாம் வாங்கிவந்து வரிசையாக நட்டார். மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்சினார். கஜபதி எருக்கஞ்செடிக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார் என்ற செய்தி ஆர்.கே.பேட்டை வரைக்கும் டவுன் பஸ்ஸிலேயே போய்ச் சேர்ந்தது. வேலை மெனக்கெட்டு ஆட்கள் பார்க்க வந்தார்கள்.

அக்கா என் மேசைக்கே வந்து அழுதாள். “ஆவாதவங்கதான்டா ‘உன் வூட்ல எருக்கு மொளைக்க’ன்னு சாபம் உடுவாங்க. இந்த மனுஷன் காசு குடுத்து வாங்கியாந்து நட்டுகினு கீறாரு. நீயாவது இன்னான்னு கேளு.”

கேட்டேன். “உனுக்கு ஒண்ணும் தெரியாது, பத்திரத்தைப் பாரு” என்றார்.

கறிவேப்பிலைச் செடியில் பச்சைப் புழு ஏறி மொட்டை அடித்தபோது, அதில் ஒரு இலை கிள்ளக் கூடாது என்று அக்காவுக்குத் தடை போட்டார். இரண்டு மாதம் அந்த வீட்டில் சாம்பார் விதவையாகக் கொதித்தது. பக்கத்து நிலத்துக்காரர் பரந்தாமனுக்கும் அவருக்கும் ஆகஸ்டு மாதம் பேச்சு நின்றுபோனது. பரந்தாமன் ஆறு கறவை மாடு வைத்திருக்கிறவர், சுத்தக்காரர். உன் களை விதையும் உன் புழுவும் என் நிலத்துக்கு வருகிறது என்று வரப்பில் நின்று கத்தினார். நான் செத்தாலும் உன் நிலத்தில் கால் வைக்க மாட்டேன் என்று பாவாவும் கத்தினார். பரந்தாமன் நடுவில் முள்கம்பி இழுத்துவிட்டார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஐப்பசி மழை பெய்து ஓய்ந்ததும் அந்த அரை ஏக்கருக்கு வந்தது பாருங்கள் கூட்டம்! ஞாயிற்றுக்கிழமை ஆனால் பாவா என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் எழுத வைப்பார். பெயர் தெரியாது. அவரே வைப்பார். காக்கி நிறத்தில் ஓயாமல் அங்குமிங்கும் போகிறது கண்டக்டர். வெள்ளையில் சிவப்புத் தெறித்தது வெற்றிலைக் கறை. பெரிதாகக் கறுப்பாக வந்து, நாம் கிட்டே போவதற்குள் கிளம்பிவிடுகிறது தாசில்தார். மஞ்சள் பை, பொரித்த அப்பளம், பிளவுஸ் பிட் என்று டிசம்பர் முதல் வாரத்துக்குள் முப்பத்தொன்று சேர்ந்துவிட்டது. நானே பார்த்து நானே எழுதியது. கேலி பண்ணவே போனவன்தான் நான். ஆனால் தாசில்தார் ஒரு நாள் என் சட்டைப் பையின் மேல் வந்து உட்கார்ந்தபோது மூச்சுவிடாமல் நின்றேன், அதையும் மறைக்கவில்லை.

டிசம்பர் கடைசி வாரம், சனிக்கிழமை காலை, பிரான்ஸிலிருந்து வந்திருந்த ஷோபனா மர்த்தீன் அம்மாவைச் சென்னையிலிருந்து கூட்டிவருவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து நான் போய்ப் பார்த்தேன். வாசலில் இரண்டு வாழை மரம். நிலத்தின் நடுவில் பந்தல். எருக்கஞ்செடிக்கெல்லாம் சீரியல் செட். வேப்ப மரத்தில் குழாய் ஸ்பீக்கர். செடிகளுக்கு நடுவே அந்தம்மா நடந்து போவதற்காகப் பாதை செதுக்கி, இரண்டு பக்கமும் பளிச்சென்று பிளீச்சிங் பவுடர் கோடு.

“பாவா, இன்னா இது? வர்றது மந்திரியா?”

“மந்திரி வந்தா ரெண்டு கோடு. இந்தம்மாவுக்கு நாலு கோடு போட்டாலும் தகும்டா. அவுங்க வூட்ல நான் பண்ண வேலைக்கு.”

“பட்டாம்பூச்சி மெரளாதா?”

“அது பகல்ல வரும். லைட்டு சாயந்தரத்துக்கு. ஒண்ணுக்கொண்ணு இன்னா சம்மந்தம்?” என்றவர், திடீரென்று குரலைத் தாழ்த்தினார். “எனுக்கு ஒரே ஒரு கவலைதான்டா. கொசு. செடி மண்டிக் கீதில்ல? அந்தம்மாவ கொசு கடிச்சி, ஜொரம் கிரம் வந்துடுச்சின்னா? வயசானவங்க. அதுக்குத்தான் ஏற்பாடு பண்ணிகிறேன்.”

ஏற்பாடு மோட்டார் கொட்டகையிலிருந்து வெளியே வந்தது. கல்யாண மண்டபத்துக்காரர் ஒருவரிடம் இரவல் வாங்கிய கொசுப் புகை மெஷின். பாவாவே தோளில் மாட்டிக்கொண்டார். அரை ஏக்கரையும் ஒரு மூலை விடாமல், ஒவ்வொரு செடியின் அடிமடி வரைக்கும் குழாயை நுழைத்து, டீசலில் கலந்த மருந்து தீருகிற வரைக்கும் வெள்ளைப் புகை போட்டார். கொசுவும் பூச்சி, பட்டாம்பூச்சியும் பூச்சி என்று அவருக்குத் தோன்றவில்லை. விருந்தாளியைக் கடிப்பது ஒரு இலாகா, விருந்தாளி பார்ப்பது இன்னொரு இலாகா. எனக்காவது தோன்றியிருக்க வேண்டாமா? நானும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றுகொண்டு, அந்த மூலையில் கொஞ்சம் போடுங்கள் பாவா என்று கையைக் காட்டினேன்.

காலை ஒன்பது மணிக்குக் கார் வந்து நின்றது. மர்த்தீன் அம்மா ஒல்லியாக, உயரமாக, அதே துணித் தொப்பியோடு இறங்கினார். ரோஜா மாலை விழுந்தது. சால்வை விழுந்தது. ஸ்பீக்கரில் நாதஸ்வரம் கிளம்பியது. கலர் சோடா கையில் திணிக்கப்பட்டது. ஷோபனா அப்பாவைப் பார்த்து, “நைனா, ஸ்பீக்கரை நிறுத்து நைனா!” என்று கெஞ்சினாள். நிறுத்தினார். அந்தம்மா மாலையைக் கழற்றாமல், நோட்டைத் திறந்து, பென்சிலை எடுத்துக்கொண்டு, பவுடர் கோடுகளுக்கு நடுவே மெதுவாக நடந்தார். பின்னால் பாவா, ஷோபனா, நான்.

ஒன்பதரை ஆயிற்று. பத்து ஆயிற்று. வெயில் நன்றாக ஏறியது. எருக்கு பூத்து நின்றது, தும்பை பூத்து நின்றது. ஒரு இறக்கைகூட அசையவில்லை. கண்டக்டர் இல்லை, தாசில்தார் இல்லை. பத்தரைக்கு ஒன்று பறந்து வந்தது. எல்லாரும் அப்படியே குனிந்தோம். சீரியல் செட்டிலிருந்து கழன்ற ஜிகினாத் தாள்.

பிறகு அந்தம்மா ஒரு எருக்கஞ்செடிக்குக் கீழே உட்கார்ந்தார். மண்ணிலிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். எங்கள் பட்டியலில் இருந்த மஞ்சள் பை. இறக்கை ஒட்டிக் கிடந்தது. பக்கத்திலேயே இன்னும் நான்கைந்து. அவர் ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்தார். டீசல் வாடை எனக்கே நின்ற இடத்தில் அடித்தது. அவர் நிமிர்ந்து பாவாவைப் பார்த்தார். எழுந்துபோய்ப் பந்தலில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

பாவாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவர் என் கையைப் பிடித்து மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

“ஹேமநாதா, எழுதுடா. முப்பதுன்னு போட்டுடு. நேத்து வரைக்கும் இருந்திச்சில்ல? நீயே எழுதினதுதான?”

“நேத்து இருந்திச்சி பாவா. இன்னிக்கி இல்லியே. இல்லாத கெணத்தை இருக்குன்னு பத்திரத்துல எழுதச் சொல்றீங்களா?”

“இது பத்திரமாடா? பூச்சிக் கணக்குடா!”

“என் கையெழுத்து இல்ல?”

“உன் கையெழுத்துல இடி உழ!” என்று கத்தினார். பிறகு மோட்டார் மேடையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “அங்கியும் கொன்னேன். இங்கியும் கொன்னேன். அந்தம்மா மொகத்துல நான் எப்பிடிடா முழிப்பேன்?” என்று சொல்லிவிட்டு அழுதார். எனக்குக் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. போட்டுத் தொலைக்கிறேன் முப்பது என்று பேனாவைத் திறந்துவிட்டேன். பொய் சொல்லவில்லை, திறந்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து முள்கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பரந்தாமன் கத்தினார். ஆகஸ்டு மாதத்துக்குப் பிறகு பாவாவோடு அவர் பேசியது அதுதான் முதல் தடவை.

“யோவ் கஜபதி! உன் பூச்சியெல்லாம் என் மாட்டுக் கொட்டாய்ல வந்து உக்காந்துகினு கீது. காலைலேர்ந்து பால் கறக்க முடியல. வந்து ஓட்டிகினு போ!”

பாவா எழுந்து கம்பிக்குப் பக்கத்தில் ஓடினார். “இன்னா சொன்ன? எங்க?”

“கொட்டாய்க்குப் பின்னால, மூத்திரம் ஓடற சேத்துல. அது இன்னா ருசியோ, அப்பிடியே மொய்ச்சிகினு குடிக்குது. கறுமம்!”

பாவா திரும்பிப் பந்தலைப் பார்த்தார். சால்வை போர்த்திய அந்தம்மாவைப் பார்த்தார். “பரந்தாமா, அத்த ஓட்டாத. அப்பிடியே உட்டுடு. நாங்க வந்து பாக்கறோம்.”

“இன்னாத்தைப் பாக்கறீங்க? மாட்டு மூத்திரத்தையா?”

“ஆங்.”

“அந்த வெள்ளக்காரம்மாவுமா?”

“ஆங்.”

பரந்தாமனுக்கு உலகமே இடிந்துபோனது. ஒரு வெளிநாட்டுக்காரி தன் வீட்டுச் சாக்கடையைப் பார்க்க வருகிறாள்! ஊர் மானம் என்ன ஆவது? “யோவ், ஒரு நிமிசம் இருய்யா! இப்பிடியா கூட்டியாருவ? ரெண்டு பக்கெட் தண்ணி அடிச்சிக் கழுவி உட்டுடறேன். உன் கிட்ட பிளீச்சிங் பவுடர் மிச்சம் கீதா?” என்று கேட்டுக்கொண்டே பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

“கழுவாதடா!” என்று பாவா போட்ட சத்தம் மலைக்கோயில் வரைக்கும் கேட்டிருக்கும். வாசல் வழியாகச் சுற்றிப் போக நேரம் இல்லை. அறுபத்து நாலு வயது மனிதர் முள்கம்பி மேல் ஏறிக் குதித்தார். வேட்டி பாதி கம்பியிலேயே நின்றுவிட்டது. பாதி வேட்டியோடு ஓடிப்போய், சேற்றுக்குப் பக்கத்தில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். பரந்தாமன் பக்கெட்டோடு நின்றார். ஒரு சொட்டு விழவில்லை.

ஷோபனாவும் நானும் அந்தம்மாவை வாசல் வழியாகச் சுற்றிக் கூட்டிப்போனோம். அந்த இடத்தைப் பார்த்ததும் அவர் ஒரு சின்னச் சத்தம் போட்டார். மாலையைக் கழற்றிப் பரந்தாமன் கையில் கொடுத்தார். பிறகு அந்த ஈர மண்ணில், மாட்டு மூத்திரத்துக்கு ஒரு சாண் தள்ளி, குப்புறப் படுத்துக்கொண்டார். எழுபது வயது அம்மா, முகவாய்க்கட்டை தரையில். எதிரே வெள்ளையும் மஞ்சளும் நீலமுமாக ஒரு கூட்டம், மலைக்கோயில் திருப்படித் திருவிழா நெரிசல் மாதிரி, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு சேற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

பரந்தாமனால் தாங்க முடியவில்லை. முதலில் ஒரு பலகை கொண்டுவந்தார். பிறகு பாய். பிறகு கட்டிலையே தூக்கிக்கொண்டு வந்தார். அந்தம்மா எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. மாடு ஒன்று எட்டி அவர் தொப்பியை நக்கியது. அதையும் கண்டுகொள்ளவில்லை. கடைசியில் பரந்தாமனும் பாவாவும் அவருக்கு இரண்டு பக்கமும் குப்புறப் படுத்தார்கள். “இது கண்டக்டர்” என்று பாவா காதோடு காதாகச் சொன்னார். அந்தம்மா தன் பாஷையில் ஒரு பெயர் சொன்னார். நான் இரண்டையும் எழுதினேன். பரந்தாமனின் எலுமிச்சை மரம், சாமந்திப் பாத்தி, வைக்கோல் போர் என்று எல்லா இடமும் சுற்றினோம். தாசில்தார் மட்டும் வரவில்லை. நாலு மணிக்கு நிழல் சாய்ந்தபோது, எண்ணிப் பார்த்தால் பத்தொன்பது.

சாயங்காலம் பந்தலில் காபி. பரந்தாமனும் வந்திருந்தார். யாரும் அழைக்கவில்லை, யாரும் போகவும் சொல்லவில்லை. மர்த்தீன் அம்மா தன் நோட்டைப் பாவாவுக்கு முன்னால் நகர்த்தி வைத்தார். அவர் வீட்டில் தங்குகிற விருந்தாளிகள் கடைசி நாள் தாங்கள் பார்த்ததைத் தங்கள் கையாலேயே எழுதுவது வழக்கமாம். இந்தத் தடவை நீங்கள் எழுதுங்கள் என்றார். பிறகு ஷோபனாவிடம் ஏதோ சொன்னார்.

“நைனா, முப்பதுன்னே எழுதச் சொல்றாங்க. நீ ஆறு மாசமா வளத்தது, முப்பத்தொண்ணு பாத்தது எல்லாம் வர்ற வழியிலியே நான் அவங்க கிட்ட சொல்லிட்டேன். நேத்து வரைக்கும் இருந்திச்சில்ல, அதனால முப்பது சரிதான்றாங்க.”

நான் பேனாவை எடுத்து நீட்டினேன். காலையில் எதற்காக அழுதாரோ அது இப்போது தானாக வந்து மடியில் விழுகிறது. பாவா நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை ஆட்டினார்.

“வாணாம்மா. ஹேமநாதா, நான் சொல்றத எழுது. பத்திரத்துல எழுதற மாதிரி எழுது. பின்னால எவனும் மாத்த முடியாத மாதிரி எழுது.”

எழுதினேன். கஜபதி ஆகிய நான் எழுதிக்கொடுத்தது யாதெனில், இன்று என் நிலத்தில் உயிரோடு பார்த்தது ஒன்றுமில்லை. பரந்தாமன் அவர்கள் மாட்டுக் கொட்டகையிலும் நிலத்திலும் பார்த்தது பத்தொன்பது வகை. முப்பதுக்குக் குறைகிற பதினொன்றும் நேற்று மாலை வரை என் நிலத்தில் இருந்தன. புகை போட்டது நான். இந்த அம்மாவின் வீட்டில் புல்லை வெட்டியதும் நான். யார் தூண்டுதலும் இல்லாமல், என் சுயபுத்தியோடு செய்தேன் என்று அவர் சொன்னபோது மட்டும் பரந்தாமன் லேசாக இருமினார். அதையும் எழுதினேன். பாவா கையெழுத்துப் போட்டார். சாட்சி வேண்டுமே என்று நான் சொல்வதற்குள் பரந்தாமன் பேனாவை வாங்கித் தன் கையெழுத்தையும் போட்டார்.

ஷோபனா அதை வரி வரியாக அந்தம்மாவுக்குச் சொன்னாள். முதல் இரண்டு வரிக்கு அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. பென்சிலை எடுத்து, பரந்தாமனின் கையெழுத்துக்குக் கீழே ஒரே ஒரு வரி எழுதினார். ஷோபனா அதைப் படித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“இன்னாம்மா எழுதிகிறாங்க? திட்டிகிறாங்களா?” என்றார் பாவா. “பரவால்ல, சொல்லு. எனுக்கு வேண்டியதுதான்.”

“‘ரெண்டு தடவையும் எனக்காகத்தான் செஞ்சாரு’ன்னு எழுதியிருக்காங்க நைனா.”

பாவா துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பிரேமா அக்கா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் முதுகில் கையை வைத்தாள். பரந்தாமன், அந்தம்மா ராத்திரிக்கு இட்லி சாப்பிடுவாரா, தோசையா என்று ஷோபனாவிடம் கேட்டார்.